முதல் வரிசையில் ஒரு பிரபு

அன்பும் மரியாதையும் கலந்து, அதில் ஒரு சிட்டிகை பயமும் தூவி, மாமாவுக்கு உங்கள் அக்கா மகன் எழுதிக்கொள்வது.

இதனால் உலகத்தாருக்கும், குறிப்பாகக் கடல் கடந்து வாழும் தங்களுக்கும், தெரியப்படுத்துவது யாதெனில்: எங்கள் வீட்டு ஹாலில் பதினோரு வருஷமாகச் சுவரோடு ஒட்டிக் கிடந்த சோபா, சென்ற மாதம் ஏழாம் தேதி காலை ஒன்பது மணிக்கு நாற்பத்து மூன்று அங்குலம் முன்னால் நகர்த்தப்பட்டது. நகர்த்தியவர் அப்பா. அளந்தவரும் அப்பா. சோபாவுக்கு அடியில் அகப்பட்டவை ஒரு ரிமோட், இரண்டு பேனா மூடி, நான் தொலைத்துவிட்டதாகச் சத்தியம் செய்திருந்த ஒரு மார்க் ஷீட். மூன்றாவதைப் பற்றிப் பேச இந்தக் கடிதத்தில் இடமில்லை.

இங்கே எல்லோரும் நலம். அங்கே உங்கள் நலமும், அத்தையின் நலமும், எட்டு மாதப் பாப்பாவின் பற்களின் எண்ணிக்கையும் அறிய ஆவல். இந்தக் கடிதம் அம்மாவின் கைப்பையில் ஏறி உங்கள் கைக்கு வரும். போனில் சொல்லலாமே என்று கேட்காதீர்கள். "போன்ல பேசினா காத்தோட போயிடும். நடந்தது நடந்தபடி எழுத்துல குடு, நான் சரிபார்க்கறேன்" என்பது அப்பாவின் உத்தரவு. எடை அளவு ஆய்வாளர் அல்லவா? முப்பது வருஷமாகக் கடைக்காரர்களின் தராசுக்கு முத்திரை குத்திக் குத்தி, இந்த வீட்டில் அவர் இன்னும் குத்தாமல் விட்டிருப்பது என் முதுகை மட்டும்தான்.

நீங்கள் அடிக்கடி பறந்து உங்கள் கணக்கில் சேர்ந்திருந்த விமான மைல்களையெல்லாம் எங்களுக்குத் தூக்கிக் கொடுத்து, "அக்காவும் அத்தானும் பிசினஸ் கிளாஸ்ல வரட்டும், பொடியன் பின்னாடி எகானமில வரட்டும்" என்று சொன்னீர்களே, அன்றைக்கே பிடித்தது சனி. அம்மாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆகிறது. ரெண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது, ஒருக்களித்துக் காலை மடக்கி, முழங்காலுக்கு நடுவே தலையணை வைத்துப் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பயணமோ பதினான்கு மணி நேரம். படுக்கை இல்லாவிட்டால் பாப்பாவும் இல்லை, போனில் தெரியும் பொக்கை வாய் மட்டும்தான். அம்மா பாப்பாவுக்கு ஒரு மஞ்சள் கவுன் தைத்து, டிக்கெட் எடுக்கும் முன்பே பெட்டியில் வைத்துவிட்டாள். அளவு தெரியாமல் தைத்ததால் மூன்று வயது வரை போடலாம்.

அப்பா முதலில் சந்தேகப்பட்டது உங்களை. "உன் தம்பி எதுக்கு இவ்வளவு இறங்கி வரான்?" என்று அம்மாவிடம் கேட்டார். "அவன் எங்கங்க இறங்கி வரான், நம்மளத்தானே ஏறி வரச் சொல்றான்" என்றாள் அம்மா. அடுத்து மைல்களைச் சந்தேகப்பட்டார். "மைல்னா தூரம்டா. தூரத்தைக் கொடுத்து டிக்கெட் வாங்கலாம்னா, நாளைக்கு லிட்டரைக் கொடுத்து பால் வாங்கலாமா?" நான் பதில் சொல்வதற்குள் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மூன்றாவது, படுக்கை. விமானக் கம்பெனிக்காரர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் 'முழுதாகத் தட்டையாகும் படுக்கை, அகலம் இருபத்தொரு அங்குலம்' என்று போட்டிருந்தார்கள். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "எந்த இடத்துல இருபத்தொண்ணு?" என்றார். அந்த ஒரு கேள்வியில்தான் சோபா நகர்ந்தது.

சோபாவுக்கு எதிரே ரெண்டு நாற்காலி, பக்கத்தில் இஸ்திரி மேசை, கால் பக்கம் கவிழ்த்துப் போட்ட துணிக்கூடை. எந்தெந்த விமானத்தில் எந்தெந்த மாதிரி இருக்கை என்று நான் தேடித் தேடிச் சொல்ல, அவர் டேப்பை இழுத்து இழுத்து அடுக்கினார். சில விமானங்களில் படுக்கை என்பது பேருக்குத்தான், சறுக்குமரம் போலச் சாய்ந்துதான் நிற்குமாம். சிலவற்றில் முன்பக்கம் முதுகைக் காட்டிப் பறக்க வேண்டுமாம். "போற இடத்தைப் பாக்காம எவனாவது போவானா?" என்று அதை அடித்துவிட்டார். நிஜமாகவே தட்டையாகும் படுக்கையிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. தலைமாட்டில் இருபத்தொன்று, கால்மாட்டில் பதினொன்று! முன்னால் இருப்பவரின் இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள பொந்துக்குள் நம் காலைச் செருகிக்கொள்ள வேண்டும். அம்மாவைத் துணிக்கூடைக்குள் கால் விட்டுப் படுக்கச் சொன்னார். நாலே நிமிடம். "எனக்கு முதுகுலதான் ஆபரேஷன் ஆச்சு, நான் பாம்பா மாறலை" என்று எழுந்துவிட்டாள்.

அப்பாவுக்கு முகமெல்லாம் வெற்றி. "முப்பது வருஷத்துல இப்படி ஒரு கள்ள அளவு நான் பாத்ததில்லை" என்றார். உடனே விமானக் கம்பெனிக்குப் போன். ஒரு பெண் எடுத்தார். பாவம், யார் வீட்டுப் பிள்ளையோ.

"கால் பக்கம் அகலமா இருக்கற சீட் எது?"

"முதல் வரிசை சார். அங்க மட்டும் முன்னாடி சீட் கிடையாது, கால் வைக்கற இடம் பெருசா இருக்கும்."

"இதை ஏன் வெளிய சொல்றதில்ல?"

"யாரும் கேட்டதில்ல சார்."

"அந்த விமானமேதான் வரும்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"கடைசி நேரத்துல மாறலாம் சார்."

அப்பா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை, 'பாத்தியாடா, நான் சொன்னேன்ல' என்றது. அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கே தெரியாது.

இந்த இடத்தில்தான் மாமா, உங்கள் மருமகன் களத்தில் இறங்கினான். மைலுக்குக் கிடைக்கும் முதல் வரிசை இருக்கைகள் மொத்தம் ரெண்டே ரெண்டு. பெரியவர்கள் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் என் விரல்கள் ஆறு பக்கத்தை நிரப்பி முடித்தன. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், சாப்பாடு, எல்லாம். அவர்களுக்கு இருக்கை எண் ஒன்று ஏ, ஒன்று கே. பின்னால் நாற்பத்திரண்டாம் வரிசையில், கழிவறையின் அன்பான அருகாமையில், எனக்கு ஒன்று. ஏழு நிமிடம் பதினொரு வினாடி. என்னைப் பெற்றதற்கு இந்தக் குடும்பம் என்ன தவம் செய்ததோ என்று நானே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை உறுதிச் சீட்டு மெயிலில் வந்தது. அப்பா அலுவலகத்தில் அச்செடுத்துக்கொண்டு பாதி நாளிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தாளின் தலையில் இப்படி இருந்தது: 'மேன்மைதங்கிய பிரபு அவர்களே, தங்கள் பயணம் உறுதி செய்யப்பட்டது.' கீழே அப்பாவின் பெயருக்கு முன்னாலும் பிரபு. அம்மாவின் பெயருக்கு முன்னால் சீமாட்டி.

"யாருடி இந்தப் பிரபு?" என்றார் அப்பா.

"பேர் உங்க பேராத்தானே இருக்கு" என்றாள் அம்மா.

"அதான் சொல்றேன். என் பேர்ல எவனோ ஒருத்தன் பிரபுவா இருக்கான். நம்ம மைலை வெச்சு அவன் பறக்கப் போறான்!"

விசாரணை கமிஷன் சாப்பாட்டு மேசையில் கூடியது. முதல் சந்தேகம் மறுபடியும் நீங்கள். ரெண்டாவது அந்த போன் பெண். மூன்றாவது, மாடி வீட்டு டிராவல்ஸ்காரர். அவர் போன வாரம் படியில் அப்பாவைப் பார்த்து, "என்ன சார், ஹால்ல சோபாவெல்லாம் திசை மாறியிருக்கு, வெளிநாட்டுப் பயணமா?" என்று கேட்டிருக்கிறார். "நம்ம கிட்ட டிக்கெட் எடுக்கலையேன்னு வயித்தெரிச்சல். உள்ள புகுந்து விளையாடிட்டான்" என்றார் அப்பா. "இருக்கலாம்பா, அவருக்கு இதெல்லாம் அத்துப்படி" என்று நானும் என் மேலான கருத்தைப் பதிவு செய்தேன். அன்றிலிருந்து அவர் வணக்கம் வைத்தால் அப்பா மின்சார மீட்டரைப் பார்க்கிறார்.

பிறகு அப்பா போனை எடுத்தார். நான் கழிவறையில் இருந்தேன். திரும்பி வந்தபோது அவர் சொல்லிக்கொண்டிருந்த கடைசி வாக்கியம், "அந்தப் பிரபு யாருன்னே எங்களுக்குத் தெரியாதும்மா, மொத்தத்தையும் ரத்து பண்ணிடு." அந்தப் பெண் அரை நிமிடத்தில் ரத்து செய்துவிட்டார். கால் மணி கழித்து மறுபடி எடுக்கலாம் என்று பார்த்தால் ஒன்று ஏ-யும் இல்லை, ஒன்று கே-யும் இல்லை. நாற்பத்திரண்டாம் வரிசை மட்டும் 'வா ராசா' என்று காத்துக்கொண்டிருந்தது.

அம்மா யாரையும் திட்டவில்லை மாமா. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெட்டியைத் திறந்து மஞ்சள் கவுனை எடுத்து, மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்தாள். "போன்லயே பாத்துக்கறேன். அதுக்குள்ள அது ஓட ஆரம்பிச்சுடும்" என்றாள். அப்பா அன்றைக்கு எதையும் அளக்கவில்லை.

அதன் பிறகு நடந்தது தனி வீர வரலாறு. ஒன்பது நாள், காலை எழுந்ததும், பள்ளிக்கூடத்து இடைவேளையில், சாயங்காலம் டீ ஆறுவதற்குள் என்று அந்த இருக்கைப் படத்தையே கொக்கு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் காலை, பல்லில் பிரஷ்ஷோடு, ஒன்று ஏ-யும் ஒன்று கே-யும் திறந்ததைப் பிடித்தேன். ஒரே ஒரு சிக்கல், மைல் இந்தத் தடவை கூடுதலாகக் கேட்டார்கள். என் டிக்கெட்டுக்கான மைலையும் சேர்த்தால்தான் சரியாக வந்தது. "எனக்குப் பரீட்சை இருக்குப்பா, படிப்புதான் முக்கியம்" என்று சொல்லி விட்டுக்கொடுத்தேன். அப்பாவின் கண் கலங்கியது. பிறகு அதையும் சந்தேகத்தோடு துடைத்துக்கொண்டார். கவுன் பெட்டிக்குத் திரும்பியது. நான் இங்கே அப்பாவின் தங்கை வீட்டில் ஒரு மாதம் தியாகியாக வாழப்போகிறேன்.

ஆகவே மாமா, தங்கள் அக்காவும் அவர்தம் கணவரும் பத்திரமாக வந்து இறங்கும்போது, பிரபு சதியை முறியடித்தவன் யார் என்பதை மறந்துவிடாதீர்கள். அத்தைக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு என் முத்தம், அதற்கு இனி வரப்போகும் எல்லாப் பற்களுக்கும் என் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் ஒரே மகன்

(படித்துப் பார்த்தேன். அளவு சரி. முத்திரை இடப்பட்டது. அப்பா.)

பின்குறிப்பு: முத்திரை உலர்ந்துவிட்டது, அப்பா பெட்டியை எடை போட்டுக்கொண்டிருக்கிறார், அதனால் வேகமாக எழுதுகிறேன். பிரபு நான்தான். அதாவது, பிரபு ஆக்கியது நான்தான். அந்தப் படிவத்தில் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று ஒரு நீளப் பட்டியல் வருகிறது. திரு, திருமதி, டாக்டர், தளபதி என்று போய்க் கடைசியில் பிரபு. விமானத்தில் ஏறும்போது அப்பாவைப் 'பிரபுவே, வருக' என்று கூப்பிடுவார்கள், அவர் முகம் எப்படிப் போகும் என்று நாற்பத்திரண்டாம் வரிசையிலிருந்து எட்டிப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். அம்மாவின் படுக்கை போய்விடும் என்று நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

இன்னொன்று. இருக்கைகளைப் பிடித்ததும் நானில்லை. கவுன் அலமாரிக்குப் போன நாலாம் நாள் மாடிப்படியேறி டிராவல்ஸ்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். பிறகு, "கிளம்ப ரெண்டு வாரம் இருக்கும்போது விக்காத சீட்டை சில சமயம் மைலுக்குத் திறந்து விடுவாங்க. அன்னிக்குக் காலைல வாடா" என்றார். பல்லில் பிரஷ்ஷோடு இருந்தவர் அவர். கூலியாகக் கேட்டது ஒன்றுதான்: "உங்கப்பா கிட்ட நீயே சொல்லிடு." இன்னும் சொல்லவில்லை. அவர் வணக்கம் வைக்கிறார், அப்பா மீட்டரைப் பார்க்கிறார், நான் செருப்பைப் பார்க்கிறேன். இந்தப் பக்கத்தை நீங்கள் அப்பாவிடம் காட்டிவிடுங்கள் மாமா. பதினான்கு மணி நேரத் தூரத்திலிருந்து அவர் கை நீளாது. திரும்பி வருவதற்குள் ஒரு மாதத்தில் கோபம் ஆறிவிடும்.

பரீட்சையும் இல்லை. பாப்பாவைத் தூக்க எனக்கும் ஆசைதான். ஆனால் மைல் கூடுதலாகப் போகக் காரணம் என் விளையாட்டுத்தானே. அப்பா நம்புவதற்காக ஒரு பரீட்சை அட்டவணை தயாரித்து, பள்ளிக்கூடத்துப் பெயரெல்லாம் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். அப்பா அதற்கும் முத்திரை குத்திவிட்டார். நேற்று அம்மா பெட்டி அடுக்கிக்கொண்டே அதை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். "கணக்குப் பரீட்சையை உங்க பள்ளிக்கூடத்துல ஞாயித்துக்கிழமையா வெக்கறாங்க?" என்று கேட்டாள்.

இதுவரை அந்தக் கேள்விக்கு மட்டும் நான் விடை எழுதவில்லை.