அவுன்ஸ் காக்காவின் இருபத்துநாலு கேக்குகள்

ஏப்ரல் பதினெட்டு, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிஷம். வானத்தில் ஒரு முகில் கிடையாது. காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாரே, அவரைப் போல முட்டையை நம்பாத மனிதர் இந்த உலகத்தில் இன்னொருவர் இல்லை.

கல்முனையில் அவுன்ஸ் காக்கா என்றால்தான் அவரைத் தெரியும். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். இங்கிலாந்தில் ஒரு பேக்கரியில் பதினாறு வருஷம் வேலை செய்துவிட்டு, பன்னிரண்டு குழிகள் கொண்ட தகரத் தட்டுகள் இரண்டும் உள்ளங்கையளவு பேட்டரித் தராசு ஒன்றுமாக ஊர் திரும்பியவர். தராசு எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். தேத்தண்ணிக் கடையில் சீனியை நிறுத்துத்தான் போடுவார். ஒருமுறை மருந்துக் கடையில் மாத்திரையை நிறுத்துப் பார்த்துவிட்டு, “இது போன மாசத்தைய விட மெலிஞ்சிட்டு” என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அவரை அழைத்தது என் மகள். அன்று பின்னேரம் நாலரைக்கு என் பேத்தியைப் பெண் பார்க்க மருதமுனையிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா வருவதாக இருந்தது. முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும் கைகூடவில்லை. இது மூன்றாவது. முதல் நாள் இரவு நான் நான்கு தரம் எழும்பித் தண்ணீர் குடித்தேன்.

“வட்டிலப்பம் எல்லா ஊட்டிலயும் வைப்பாங்க வாப்பா. மாப்பிள்ள இங்கிலாந்துல. நாம பட்டர் கிரீம் வெச்ச இங்கிலீஷ் கேக்கு வைப்பம். புள்ளதான் சுட்ட எண்டு சொல்லுவம்,” என்றாள் மகள்.

பிள்ளைக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியும் என்பதற்கே என்னிடம் சாட்சி கிடையாது. அது வேறு எனக்குக் கவலை.

அவுன்ஸ் காக்கா பதினொரு முட்டைகளை நிறுத்து நாலைத் தெரிந்தெடுத்தார். “ஓட்டோட நிறுக்கணும் தம்பி. முட்ட எவ்வளவோ, பட்டரும் அவ்வளவு, சீனியும் அவ்வளவு, மாவும் அவ்வளவு. இதுதான் இங்கிலாந்து.”

“வெனிலால மதுசாரம் இரிக்குமே காக்கா?” போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க, பூதக்கண்ணாடியோடு நின்றேன்.

“இது பவுடர். மௌலவிட்டயும் கேட்டாச்சி. நீங்க அந்தக் கதிரைல போய்க் குந்துங்க.”

கேக் அடுப்பில் இருந்த பதினெட்டு நிமிஷமும் வீட்டில் யாரும் நடக்கக் கூடாது. நடந்தால் கேக் அமர்ந்துவிடும். நான் இருமலை அடக்கிக்கொண்டு குந்தியிருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பாட்டுப் போட்டுக்கொண்டு, ரொட்டி விற்கிற பாண்காரனின் த்ரீவீல் வந்தது. காக்கா றோட்டுக்கு ஓடி, இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

“பாட்ட நிப்பாட்டு! உள்ளுக்குக் கேக்கு எழும்புது!”

பாண்காரன் பயந்துபோய் இஞ்சினையும் நிறுத்திவிட்டான்.

கேக்குகள் எழும்பின. இருபத்துநாலும் ஒரே அளவு, ஒரே நிறம். ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைத் தலைப்பாகை போலப் பட்டர் கிரீமைச் சுற்றி வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது. ஃபேனும் இல்லை, ஃபிரிட்ஜும் இல்லை. தலைப்பாகைகள் மெதுவாகச் சரியத் தொடங்கின. இரண்டரைக்கு ஏழு. இரண்டு நாற்பதுக்குப் பதினொன்று.

“காக்கா, பதினொண்டு சரிஞ்சிட்டு!”

“எண்ணாதீங்க தம்பி! நீங்க எண்ண எண்ணத்தான் அது உருகுது.”

மாஜரின் கலந்தால் நிற்கும் என்று மகள் சொன்னாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் குசினியை விட்டே போய்விட்டாள். அடுத்த நிமிஷம் அவரும் த்ரீவீலில் ஏறிப் போனார். மூன்றரைக்கு, பெரியநீலாவணையிலுள்ள மீன்பிடிக்காரக் கூட்டாளி ஒருவரிடமிருந்து வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டி நிறைய ஐஸோடு வந்தார். நாலு மூலைக்கும் ஐஸ் சரிசமமாக இருக்க வேண்டுமாம். அதையும் தராசில் வைத்துத் தண்ணீர் சொட்டச் சொட்ட நிறுத்தார். நடுவில் கேக்குத் தட்டை வைத்து மூடினார்.

நாலு இருபதுக்குத் திறந்தோம். கிரீம் சீமெந்து போல நின்றது. நான் குனிந்து மணந்தேன்.

“காக்கா... பாரை மீன் மணக்குது.”

அவர் ஒன்றை மணந்தார். இன்னொன்றை மணந்தார். மேசையில் வைக்க வேறு எதுவும் இல்லை. வாசலில் வாகனம் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் உம்மா ஒரு கேக்கை எடுத்தா. ஒரு கடி கடித்தா. தாடை நின்றுவிட்டது. கையில் மிச்சமிருந்ததை மூக்கருகே கொண்டுபோனா. பேத்தி தரையைப் பார்த்தாள். நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்பது வரை வந்துவிட்டேன்.

“இது ஆரு சுட்ட?”

மகள் வாயைத் திறந்தாள். அதற்குள் குசினித் திரையை விலக்கிக்கொண்டு அவுன்ஸ் காக்கா வெளியே வந்தார், கையெல்லாம் கிரீமாக.

“நான்தான் சுட்ட ராத்தா. புள்ள தொடவும் இல்ல. ஐஸ் பெட்டியக் கழுவாமக் கொண்டாந்துட்டன். என்ட பிழதான். அதுக்காகப் புள்ளய வேணாம் எண்டு சொல்லிராதீங்க.”

கால் அவுன்ஸ் பிழை என்றாலும் அடுத்தவன் தராசைக் குற்றம் சொல்கிற மனிதர் இதைச் சொன்னார்.

அந்த மனிசி சிரித்தா. “தட்டப் பாத்த உடனயே தெரியும். கல்முனையில இருபத்துநாலையும் ஒரே மாதிரிச் சுடுறதுக்கு உங்கள விட்டா ஆரு இரிக்கா? போன பெருநாளைக்கு எங்கட ஊட்டுக்கும் நீங்கதானே சுட்ட! புள்ள சுட்ட எண்டு சொல்றாங்களோ எண்டுதான் பாத்துக்கிட்டு இருந்தன்.” மகள் வாயை மூடிக்கொண்டாள். அந்த மனிசி கையிலிருந்ததைத் தின்று முடித்துவிட்டு, நிக்காஹ்வை நோன்புப் பெருநாளுக்கு முந்தி வைப்போமா பிந்தி வைப்போமா என்று கேட்டா.

ஒரு கிழமை கழித்துத் தேத்தண்ணிக் கடையில் காக்காவைக் கண்டேன். சீனிக்கு முன்னால் அவர் கை சட்டைப் பைக்குப் போய், வெறுமனே திரும்பி வந்தது. குத்துமதிப்பாக ஒரு கரண்டி போட்டுக் கலக்கினார். தராசு எங்கே என்று கேட்டேன்.

“ஐஸ் தண்ணி உள்ளுக்குப் போய்ட்டு தம்பி. அண்டைக்கே அது மௌத்து.”

அன்றைக்கு நிக்காஹ் பேச்சில் எங்கள் வீடே சிரித்துக்கொண்டிருந்தபோது, அவர் குசினியில் தனியே நின்று எதையோ துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கண்டும் கேட்கவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆறு கடைகள் ஏறி இறங்கி, அவுன்ஸ் காட்டுகிற தராசு ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முட்டை ஒன்றை வைத்துப் பார்த்தார்.

“கால் அவுன்ஸ் கூடக் காட்டுது தம்பி,” என்றார். பிறகு அதைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையை ஒருமுறை தட்டிப் பார்த்தார். விலை கேட்டார். நான் சொல்லவில்லை.

மூவாயிரத்து இருநூற்றைம்பது ரூபா. கடையில் நான் பேரம் பேசவில்லை.