கல் தொழுவத்துக்குத் தங்கையை அனுப்பிவைக்கக் கோரி

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் மலைமேலிருந்து பணிவன்போடு எழுதிக்கொள்வது.

தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். தங்கள் வீட்டு மாடி அறையில் கோபித்துக்கொண்டு தங்கியிருக்கும் என் மனைவியும் சௌக்கியமாகத்தான் இருப்பாள். கோபமாக இருக்கும்போது அவளுக்குச் சளிகூடப் பிடிப்பதில்லை. நான் இங்கே சௌக்கியமா என்பதைக் கடிதத்தை முழுதும் படித்துவிட்டுத் தாங்களே முடிவு செய்துகொள்ளவும்.

விஷயம் இதுதான். அவளைத் தாங்கள் சமாதானம் செய்து, அடுத்த சந்தை நாளில் மேலே வரும் பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டும். நான் அவளைக் கேட்காமல் இந்த இடத்தை வாங்கியது தப்புதான், அதற்குத் தாங்கள் ஏற்கெனவே, நான் சந்தைக்கு இறங்கிய நாளில் (மேலே சிக்னல் எட்டாது), போனில் திட்டியாகிவிட்டது. ஆனால் என் பக்கத்தையும் பாருங்கள். ஆயுள் முழுக்க வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவன் நான். எந்தத் தெருவில் எந்த நாய் எந்தக் காலைக் கடிக்கும் என்பது எனக்கு மனப்பாடம். ஓய்வு பெற்றதும் மீட்டரே இல்லாத ஒரு வீட்டில் உட்கார வேண்டும் என்று ஓர் ஆசை. தரகர் இந்தத் தொழுவத்தைக் காட்டும்போது, "ஒரு குறைதான் சார், கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் கரண்ட் கம்பியே கிடையாது" என்று தலையைச் சொறிந்தார். நான் அங்கேயே விழுந்துவிட்டேன். தங்கள் தங்கை முற்றத்தில் நின்றே சுற்றிப் பார்த்தாள். "மாடு கட்டுற இடத்துல என்னையும் கொண்டுவந்து கட்டப் பாக்குறீங்களா? ஒரு கதவு, ஒரு கக்கூஸ், ரெண்டும் வரட்டும். அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, உள்ளே ஒரு அடிகூட வைக்காமல் நேராகத் தங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இப்போது இரண்டும் வந்துவிட்டன. கக்கூஸுக்குத் தண்ணீரே வேண்டாம், மரத்தூள் போட்டால் போதும். இதை அவளிடம் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லவும். ஊற்றிலிருந்து குழாய் இழுத்தாகிவிட்டது. கூரைமேல் சோலார் தகடு மாட்டியிருக்கிறேன், மேகம் இல்லாத நாளில் இரண்டு விளக்கு எரியும், மேகம் இருக்கும் நாளில் விளக்கு இருக்கிறது என்ற நிம்மதி இருக்கும். ஒரு முழத்துக்கும் அதிகமான கனத்தில் கற்சுவர், பழைய காரையைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசி வருகிறோம். தீவனத் தொட்டியை இடிக்க மனம் வரவில்லை, அதில் பாத்திரம் கழுவுகிறேன். சுவரில் மாடு கட்டுகிற இரும்பு வளையங்கள் வரிசையாக இருக்கின்றன, அவற்றில் சட்டை மாட்டியிருக்கிறேன். காலையில் பார்த்தால் சட்டைகள் எல்லாம் மடித்து ஓரமாகக் கிடக்கும், வளையங்களின் உள்பக்கம் கயிறு உரசியதுபோலப் பளபளவென்று மின்னும். காற்றுதான் என்று வைத்துக்கொண்டேன். மடிக்கத் தெரிந்த காற்று.

இன்னொன்றும் உண்டு. தொட்டியில் நிரப்பி வைக்கிற தண்ணீர் பொழுது சாய்ந்ததும் குறைகிறது. ஒழுகுகிறதா என்று தடவிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரமில்லை. தொட்டியை ஒட்டிய சுவர் மட்டும், வெளியே கை விறைக்கிற குளிரிலும், யாரோ சாய்ந்து எழுந்த இடம்போல இளஞ்சூடாக இருக்கிறது. மச்சான், இணைப்பு இல்லாமல் யாரோ பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் நான் சம்பளம் வாங்கிய வேலை. எத்தனை திருட்டு ஒயரைப் பிடித்திருக்கிறேன்! இங்கே ஒயரும் இல்லை, திருடனும் இல்லை, பயன்பாடு மட்டும் இருக்கிறது. சுவர் பூசும் மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் பூச்சுக் கரணையைக் கழுவிக்கொண்டே, "அது ஒண்ணும் பண்ணாது சார். பொழுது சாயுற நேரத்துல வாசல்ல நின்னு யாரையும் கூப்பிடாம இருந்தா போதும்" என்றார். அவர் வெயில் தாழும் முன்பே மூட்டையைக் கட்டிவிடுகிற ஆள். கூலி குறைத்துவிடுவேன் என்றாலும் நிற்க மாட்டார்.

ஏன் கூப்பிடக் கூடாது என்று குடைந்து குடைந்து கேட்டதில் சொன்னார். முன்பு இங்கே மாடு வைத்திருந்தவர் தினமும் சாயங்காலம் வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் கூப்பிடுவாராம், ஒவ்வொன்றாக வந்து தன் தன் வளையத்தடியில் நிற்குமாம். ஒரு மழைக்காலத்தில் மேலே மண் சரிந்து மந்தை மொத்தமும் புதைந்துபோயிற்று. அவர் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். ஆனாலும் மனம் கேட்காமல் சாயங்காலம் வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார். "வந்துச்சு சார்" என்றார் மேஸ்திரி. என்ன வந்தது என்றேன். "எல்லாம் வந்துச்சு. அதே கலரு, அதே கொம்பு. வந்து நின்னுச்சு. ஆனா கத்தல, உதைக்கல, பால் கறக்கல. சும்மா அவரையே பாத்துக்கிட்டு நின்னுச்சாம். அப்புறம் அந்த மனுசன் வெளிய வரவே இல்ல. கீழ அவரு சொந்தக்காரங்க வாசல்ல அவரு கூப்பிடுற குரல் மட்டும் கேட்டுச்சாம்." நான் விட்டுக்கொடுக்காமல், "எனக்கு என்னய்யா பயம், நான் பேர் சொல்லிக் கூப்பிடறதுக்கு யாரு இருக்கா?" என்று சிரித்துவைத்தேன்.

உண்மைதானே மச்சான்! கல்யாணம் ஆனது முதல் நான் தங்கள் தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பதுதான் பெயர், "காதுல விழுதா" என்பது இனிஷியல். இதில் என்ன வந்தது என்றால், நாக்குக்குப் பழக்கம் விடவில்லை. ஒரு சாயங்காலம் வாசலில் நின்று சட்டைப் பையைத் தடவிக்கொண்டே, "இந்தா, என் கண்ணாடி எங்க?" என்று கேட்டுவிட்டேன். திரும்பினால் தொட்டி விளிம்பில் கண்ணாடி, பளிச்சென்று துடைத்து வைத்திருந்தது. மறுநாள் துண்டைக் கேட்டேன், துண்டு வளையத்தில் தொங்கியது. பயந்திருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எதற்கு இந்த விளக்கு, எதற்கு இந்தச் சுவர் என்று ஒற்றை ஆளாய் உட்கார்ந்திருப்பவனுக்கு, கேட்டதைக் கொடுக்க ஒரு கை இருந்தால் கசக்குமா? அதுவும் "கண்ணு எங்க வெச்சிருக்கீங்க?" என்ற வசவு இல்லாமல்!

நேற்றுதான் கதவு மாட்டி முடிந்தது. கனத்த பலகை, உள்ளேயிருந்து தாழ்ப்பாள், ஒரு விரலால் தள்ளினால் மூடும். மேஸ்திரி போய்விட்டார். மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்குகிறது, கதவு அம்சமாக நிற்கிறது, காட்ட ஆளில்லை. வாசலில் நின்று, "இந்தா, வந்து பாரேன், நீ கேட்ட கதவு வந்தாச்சு" என்று பலமாகவே கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் மேஸ்திரி சொன்னது ஞாபகம் வந்தது. அசையாமல் நின்றேன். ஒன்றுமே நடக்கவில்லை. ஆக, எல்லாம் என் பிரமை என்று நிரூபணமாகிவிட்டது. மனைவியில்லாத மனிதனுக்கு மூளை இப்படித்தான் வேலை செய்யும் என்பதைத் தாங்கள் அவளிடம் எடுத்துச் சொல்லி, காலதாமதம் இல்லாமல் அனுப்பிவைக்கவும். எனக்கு அவள் வேண்டும் மச்சான். அவ்வளவுதான்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் தலையில் கைவைத்து மாமா ஆசீர்வதித்ததாகச் சொல்லவும். தங்கள் ரத்த அழுத்தம் இந்தக் கடிதத்தால் ஏறாதிருக்க வேண்டிக்கொள்ளும்,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை.

பின்குறிப்பு: மச்சான், உறையை ஒட்டப் போகும்போது அவள் வந்துவிட்டாள். பட்டப்பகல், நான் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், வாசலில் நிற்கிறாள். அதே சேலை, அதே மூக்குத்தி. நீங்கள் என்னிடம் சொல்லாமலே அனுப்பிவிட்டீர்கள் என்று நினைத்து ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். பிறகுதான் இன்றைக்குப் பஸ் இல்லையே என்று உறைத்தது. கையில் பை இல்லை. முற்றத்துப் புல்லெல்லாம் ஈரம், அவள் செருப்பு காய்ந்திருந்தது. கக்கூஸைக் காட்டினேன். மரத்தூளைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் சோதித்துப் பார்க்கலாம் என்று அவள் கண்ணெதிரே டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினேன். சர்க்கரை வியாதிக்காரப் புருஷன் மூன்று கரண்டி போடுகிறான், மச்சான், அவள் என்னையே பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள்.

மேஸ்திரி வேலைக்கு வந்தவர் முற்றத்தைத் தாண்டவில்லை. "அம்மா வந்துட்டாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "திட்டினாங்களா?" என்றார். இல்லை என்றேன். கரணையை அங்கேயே போட்டுவிட்டு, "லெட்டரைச் சன்னல் வழியா குடுங்க சார், வாசல் பக்கம் வராதீங்க" என்கிறார். கதவை அவள் மூடிவிட்டாள். தாழ்ப்பாள் நன்றாக வேலை செய்கிறது. அவள் அதில் சாய்ந்து நிற்கிறாள்.

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உடனே மாடிக்குப் போய்ப் பாருங்கள். அவள் அங்கே இருந்தால் அனுப்பாதீர்கள், அவளே மனமிரங்கிக் கிளம்பினாலும் விடாதீர்கள். பொழுது சாயும் நேரத்தில், கீழே வாசலில் நான் கூப்பிடுவதுபோலக் கேட்கிறது என்று எழுந்து வந்தால், கதவைச் சாத்திப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். நேற்றுக் கூப்பிட்டது நான்தான். இனிமேல் கூப்பிடுவது நான் இல்லை.