தோஷம் இல்லாத மூட்டை

ராசிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கம்பச் சித்தரின் கடைக்கு வழி கேட்க வேண்டியதில்லை. பெண்கள் கூட்டமாகப் போகிற பக்கம் போனால் போதும். வாசலில் டோக்கன் கொடுப்பார்கள். வரிசை வெயிலில் நிற்கும். உள்ளே ஏசி அறையில் சித்தர் ஒரு பொட்டு வியர்வை இல்லாமல் உட்கார்ந்திருப்பார். அதுவும் அவருடைய அற்புதங்களில் ஒன்று என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அவர் வெறும் அர்த்தநாரி. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காடு காடாக நடப்பார். தேங்காய் எழுந்து நிற்கும் இடத்தில் நீரோட்டம் என்பார். அங்கே துளை போடும் ரிக் வண்டியை நிறுத்தி ஆழ்துளைக் கிணறு போடுவார்கள். தண்ணீர் வந்தால் தேங்காயின் மகிமை. வெறும் மண்புகை வந்தால் நிலத்துக்குச் சொந்தக்காரரின் பாவம்.

துளை போடாத காடு அருகிப்போன சமயத்தில்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் செல்போனைப் பார்த்து போல் டான்ஸ் பழக ஆரம்பித்தார்கள். தரைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு கம்பியை இறுக்கி நிறுத்தி, அதைப் பிடித்துச் சுழன்று ஏறி ஆடுகிற ஆட்டம். முதுகுவலி குறைகிறது, கைக்கு வலு வருகிறது, மனசும் லேசாகிறது என்றார்கள். நல்ல காரியம்தான். ஆனால் நம் ஊரில் எந்த நல்ல காரியத்தை ஜாதகம் பார்க்காமல் வீட்டுக்குள் விட்டிருக்கிறோம்?

மாரியம்மன் பண்டிகைக்குக் கம்பம் நட்டு, மஞ்சள் பூசி, சுற்றி ஆடுகிற ஊர் இது. வீட்டுக்குள் நடுகிற கம்பத்தை மட்டும் சும்மா விடலாமா என்று அர்த்தநாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டுவிட்டது. நடும் இடத்தைத் தேங்காய் காட்டும். கம்பியைச் சித்தரே விற்பார். வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு நெய் பூச வேண்டும். கீழே மெத்தை போடக் கூடாது, பூமியின் சக்தி தடைபடுமாம்.

நெய் பூசிய கம்பியைப் பிடித்தால் வழுக்கும். வழுக்கினால் விழுவார்கள். விழுந்தால் தோஷம். தோஷத்துக்குப் பரிகாரம் இன்னும் கொஞ்சம் நெய். இப்படி ஒரு தொழிலைக் கண்டுபிடித்த மூளைக்கு நானே மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

எங்கள் தெரு நித்யஸ்ரீ முட்டை லாரிகளை அனுப்பிவைக்கும் ஆபீசில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க நாற்காலியில் இருந்து முதுகு பிடித்துக்கொண்டதால் இந்த ஆட்டத்துக்கு வந்தாள். கம்பியைச் சுற்றி ஒரு சுழல், தொடையால் இறுக்கி உட்காருவது, இவ்வளவுதான் அவளுக்கு வரும். அதற்குள் இரண்டு முறை விழுந்து முழங்கை வீங்கிவிட்டது. சித்தர் ஜாதகத்தைப் புரட்டி, சர்ப்ப தோஷம் என்றார். வரும் வெள்ளிக்கிழமை ஊர்ப் பெண்கள் முன்னால் தலைகீழாகத் தொங்கி, இருபத்தொன்று எண்ணும்வரை இருந்தால் விலகிவிடுமாம். அவள் ஒருநாளும் தலைகீழாகத் தொங்கியவள் இல்லை. கீழே இருப்பது வெறும் டைல்ஸ் தரை. ஆனாலும் சரி என்றுவிட்டாள், ஏனென்றால் குற்றம் தன்னிடம்தான் என்று அவள் நம்பிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது அதற்காகத்தான்.

வெள்ளிக்கிழமை அவள் வீட்டு ஹாலில் முப்பது பெண்கள். தேங்காய் எழுந்து நின்று காட்டியிருந்த இடம் நட்டநடு ஹால். மேலே ஜிப்சம் பலகையில் பூ வேலை செய்த அலங்காரக் கூரை. அதில் முட்டுக்கொடுத்துக் கம்பி நின்றது, நெய்யில் பளபளத்தது. நித்யஸ்ரீ கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது பக்கத்து வீட்டு வசந்தாமணி உள்ளே வந்தாள். இரண்டு ரிக் வண்டி வைத்து நடத்துபவள். தன் காட்டில் தேங்காய் காட்டிய மூன்று இடத்திலும் புகையை மட்டும் பார்த்தவள். கையோடு மக்காச்சோளம் நிரப்பிய ஒரு கோழித் தீவன மூட்டையை இழுத்து வந்திருந்தாள்.

"ஒரு சந்தேகமுங்க சாமி. நித்தியா உழுந்தா அது எதனாலங்க?"

"தோஷத்தாலதான் அம்மிணி. கம்பத்து மேல குத்தமே கெடையாது."

"இந்த மூட்டைக்குச் சாதகம் இருக்குதுங்களா?"

சித்தர் சிரித்தார். "தீவன மூட்டைக்கு ஏது அம்மிணி சாதகம்."

"அப்பத் தோஷமும் இருக்காதுங்க. இது அம்பது கிலோ, நித்தியாவை உடக் கம்மிதான். மொதல்ல இது தொங்கட்டும். இது உழுந்தா குத்தம் கம்பத்தோடதுன்னு வெச்சுக்கலாமுங்களா?"

முப்பது முகமும் தன்னையே பார்ப்பதைக் கண்டு சித்தர் தாடியைத் தடவியபடி தலையாட்டினார்.

வசந்தாமணி ஸ்டூலில் ஏறி, ரிக்கில் குழாய் தூக்கப் போடுகிற முடிச்சைக் கம்பியில் இறுக்கி, நாலு பெண்கள் தூக்கிக் கொடுத்த மூட்டையைத் தொங்கவிட்டாள். கையை எடுத்ததும் அது ஒரே வழுக்காக வழுக்கித் தரைக்கு வந்தது. ராகு காலம் நெருங்குகிறது என்றார் சித்தர். மூட்டை பிறந்த நேரம் சரியில்லையோ என்னவோ என்றாள் முன்வரிசை மாரக்காள், அவருடைய பரம பக்தை.

வசந்தாமணி ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் கம்பியை மேலிருந்து கீழ்வரை துடைத்து, மறுபடி கட்டினாள். இந்த முறை முடிச்சு நகரவில்லை. நித்யஸ்ரீ சுழலுகிற அளவுக்கு மூட்டையை மெல்லத் தள்ளிவிட்டாள். ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில் மேலே படார் என்று ஒரு சத்தம். ஜிப்சம் பூ உடைந்து கொட்ட, கம்பி சாய, மூட்டை தரையில் விழுந்து வாய் பிளந்து மக்காச்சோளம் ஹால் முழுக்க ஓடியது.

நித்யஸ்ரீ தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

"தோஷம் யாருக்குங்க சாமி, சோளத்துக்குங்களா?"

சக்தி இடம் மாறிவிட்டது என்று சித்தர் தேங்காயை எடுத்தார். வசந்தாமணி அவர் கண்ணைத் துண்டால் கட்டி, தட்டாமாலை சுற்றிவிட்டு, தேடச் சொன்னாள். முதல் தடவை தேங்காய் பிரிட்ஜ் முன்னால் எழுந்து நின்றது. அடுத்தது செருப்பு ஸ்டாண்டு பக்கம். மூன்றாவது கக்கூஸ் கதவருகே. அப்புறம் வசந்தாமணி அதை வாங்கித் தன் உள்ளங்கையில் படுக்க வைத்து மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்தாள். நின்றது. நித்யஸ்ரீ சாய்த்தாள், அவளுக்கும் நின்றது. தேங்காய் கை மாறிக் கை மாறிப் போக, சித்தர் ராகு காலம் என்றும் பாராமல் கிளம்பிப் போய்விட்டார்.

வசந்தாமணி தேர்ந்து வாங்கித் தந்த புதுக் கம்பி இப்போது படுக்கையறையில், கான்கிரீட் உத்தரத்துக்கு அடியில், மட்டம் பார்த்து நிற்கிறது. கீழே கனமான மெத்தை. நெய் தோசைக்குப் போகிறது. ஒன்றரை மாதம் பழகிவிட்டு, வசந்தாமணி தோளைத் தாங்கிப் பிடிக்க, நித்யஸ்ரீ தலைகீழாகத் தொங்கினாள். மூன்று எண்ணுவதற்குள் இறங்கிவிட்டாள். அன்று முழுக்க அவள் முகத்தில் சிரிப்பு நிற்கவேயில்லை.

போன வாரம் மாரக்காள் வசந்தாமணியைத் தேடி வந்தாள். புதுத் தீவன மூட்டை ஒன்றுக்கு மஞ்சள் பூசிப் பொட்டும் வைத்திருந்தாள். இதை எந்தக் கிழமையில் கட்டித் தொங்கவிட்டால் விசேஷம் என்று பயபக்தியோடு கேட்டாள். வசந்தாமணி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூட்டைக்குத் தலை கிடையாது. விழுந்தால் சோளம்தான் சிந்தும். தலை உள்ளவர்கள் ஏறுவதற்கு முன்னால் அந்தத் தலையை ஒரு தடவையாவது உபயோகித்துப் பார்க்கலாம்.