வீராசாமி வாங்கிய வீடு

ஐம்பது வயது முடிவதற்குள் ஒரே ஒரு காரியத்தையாவது கலைச்செல்வியைக் கேட்காமல் செய்துவிடுவது என்று போன ஆவணியில் தீர்மானித்தேன்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர், தங்கராசு. நான் விசில் ஊதினால்தான் திருவண்ணாமலை பஸ் நகரும். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் போகிற ஸ்பெஷல் பஸ் அத்தனையும் என் விரல் அசைவில் ஓடும். வீட்டில் மட்டும் என் விசிலுக்கு மரியாதை இல்லை. குக்கர் விசிலுக்கு இருக்கிறது. மூன்று அடித்தால் கலைச்செல்வி எழுந்து போகிறாள்.

அவள் லேடீஸ் டைலர். கல்யாண பிளவுஸில் ஆரி எம்பிராய்டரி வேலை செய்வதில் ஊருக்குள் அவளுக்கு நல்ல பெயர். எங்கள் ஹாலில் இரண்டு தையல் மெஷின், ஒரு ஆரிச் சட்டம், மிச்ச இடத்தில் நான். தனியாக ஒரு இடம் பிடித்து நாலு பெண்களை வேலைக்கு வைக்க வேண்டும் என்று ஆறு வருஷமாகக் கேட்கிறாள். "வாடகை தண்டம்" என்று ஆறு வருஷமாகச் சொல்கிறேன்.

இந்த வீடு அவள் அப்பா கொடுத்த மனையில் கட்டியது. வாசலில் 'கலைச்செல்வி இல்லம்' என்று பலகை. போஸ்ட்மேன்கூட என்னை "கலையக்கா வூட்டுக்காரர்" என்றுதான் கூப்பிடுகிறார். எனக்கென்று ஒரு வீடு வேண்டும், அதில் ஒருவன் குடியிருக்க வேண்டும், ஒன்றாம் தேதி அவன் என்னைப் பார்த்து எழுந்து நிற்க வேண்டும். இந்த ஆசை என்னைப் பாடாய்ப் படுத்தியது.

புரோக்கர் கலியபெருமாள் சக்கராபுரத்தில் ஒரு வீட்டைக் காட்டினார். அரிகிருஷ்ணன் என்பவரின் வீடு. விலை இருபத்திரண்டு லட்சம்.

"பின்பக்க ஜன்னலத் தொறங்க சார். இன்னா தெரியுது?"

"சுவரு."

"அதுக்கு மேல பாருங்க. ராஜகிரி தெரியுதா? நம்ம கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல ஏறிடுச்சி சார். இனிமே வெள்ளக்காரனே வாடகைக்கு வருவான்."

பக்கெட் மேல் ஏறி நின்றால் கோட்டையின் நுனி தெரிந்தது. அன்றைக்கே ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

அடுத்து பேங்க். கடன் பிரிவில் நஜ்மா என்று ஒரு பெண். தங்கமான பெண், பொறுமையாகச் சொன்னாள்.

"பதினாறு லட்சம் கெடைக்கும் சார். நிலையான வட்டின்னா பத்தரை. மாறுற வட்டின்னா இப்போதைக்கு எட்டே கால்."

டைம் கீப்பருக்கு மாறுகிற சமாச்சாரம் பிடிக்குமா? ஐந்து நாற்பது பஸ் ஐந்து நாற்பதுக்குத்தான் கிளம்ப வேண்டும்.

"நிலையானதே போட்டுடும்மா. பதினஞ்சு வருஷமும் ஏறாதுல்ல?"

"மூணு வருஷம் ஏறாது சார். அதுக்கப்புறம் அன்னிக்கி நெலவரத்துக்குத் திருத்துவாங்க."

"அப்ப அது எப்பிடிம்மா நிலையானது?"

"மூணு வருஷத்துக்கு நிலையானது சார்."

குழம்பிப்போய் எழுந்து வந்தேன். மூன்று வருஷ நிம்மதிக்கு இரண்டேகால் சதவீதம் கூடக் கொடுப்பதா? கொடுக்காமல் விட்டு, வட்டி பன்னிரண்டுக்கு ஏறிவிட்டால்? இரண்டு வாரம் டிரிப் ஷீட்டின் பின்பக்கமெல்லாம் கணக்குப் போட்டேன். அந்த இரண்டு வாரமும் செஞ்சியில் எந்த பஸ்ஸும் நேரத்துக்குப் போகவில்லை.

கடைசியில் ஒரு தந்திரம் தோன்றியது. கலைச்செல்வியைக் கேட்காமலே கேட்பது.

"கலை, நம்ம வீராசாமி ஒரு வூடு வாங்கறான்."

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "எந்த வீராசாமி?"

"அவலூர்பேட்டை ரூட் டிரைவரு. வாடகைக்கு வுடறதுக்காக வாங்கறான். நிலையான வட்டில கடன் எடுக்கறதா, மாறுற வட்டிலயான்னு என்னைக் கேக்கறான். நீ இன்னா சொல்ற?"

"வாடகை எவ்ளோ வரும்?"

டிரிப் ஷீட்டுகளை மனசுக்குள் புரட்டினேன். இரண்டு வாரக் கணக்கில் வட்டி இருந்தது, அபராதம் இருந்தது, முத்திரைத்தாள்கூட இருந்தது. வாடகை இல்லை.

"ஏழாயிரம் வரும்னு வெச்சிக்கியேன்."

"மாசத் தவணை?"

"நிலையானதுன்னா பதினேழாயிரத்து எழுநூறு. மாறுறதுன்னா பதினஞ்சாயிரத்து ஐந்நூறு."

"சரி. குடித்தனக்காரன் ஏழாயிரம் போடுவான். வீராசாமி மேல பத்தாயிரம் போடுவாரு. ரெண்டு பேரும் சேந்து பேங்குக்குக் கட்டுவாங்க. ஆனா வூட்ல குடித்தனக்காரன் மட்டும் இருப்பான். அதான?"

எனக்கு வீராசாமி மேல் இரக்கமாக இருந்தது. "வூட்டு வெல ஏறும் கலை. கோட்டை பட்டியல்ல ஏறிடுச்சில்ல."

"ஏறட்டும். நடுவுல கையில காசு வந்து கடன மொத்தமா அடச்சா, நிலையான வட்டில அபராதம் கேப்பாங்க. மாறுறதுல கேக்க மாட்டாங்க. அது தெரியுமா உங்க வீராசாமிக்கு?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஊர்ல பேசிக்கறாங்க. அவரு பொண்டாட்டிய ஒரு வார்த்த கேட்டாரா?"

"இல்ல. வாங்கிட்டு சொல்லலாம்னு..."

"நல்ல மனுசன்" என்றாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

இரண்டு நாளில் வீராசாமியே என் அறைக்கு வந்து நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது.

"சார், நான் எங்கியாவது வூடு வாங்கனனா?"

"ஏன்யா?"

"ரெண்டு நாளா வூட்ல எனக்கு சோறு இல்ல சார். எவளுக்குடா வூடு வாங்கனன்னு கேக்கறா எம் பொண்டாட்டி பவுனம்மா. பிளவுஸ் தெக்கக் குடுத்த எடத்துல யாரோ சொல்லிக்கினாங்களாம்."

நான் அவனுக்கு இரண்டு முட்டை போண்டா வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கலியபெருமாள் போன் செய்தார். பேங்க் கொடுப்பது போகக் கைக்காசு ஆறு லட்சம் காட்ட வேண்டும். என்னிடம் இருந்தது அட்வான்ஸையும் சேர்த்து இரண்டு. வெள்ளிக்கிழமைக்குள் மீதி நாலு லட்சம் வராவிட்டால் அரிகிருஷ்ணன் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். அட்வான்ஸ் திரும்பாதாம்.

ஒரு லட்சம். இருபது வருஷமாக பேட்டா காசில் மிச்சம் பிடித்தது. வீட்டுக்குப் போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"வீராசாமிக்கு நாலு லட்சம் கொறயுது கலை. வெள்ளிக்கிழம கெடு. அட்வான்ஸ் போயிடும்போல இருக்குது. பாவம், தூங்கக்கூட மாட்டறான்."

அவள் மெஷினை நிறுத்தினாள். "வாடகைக்கு வேணாம். போக்கியத்துக்கு வுடச் சொல்லுங்க. வர்ற பார்ட்டி மொத்தமா நாலு லட்சம் குடுத்துடுவாங்க. மூணு வருஷம் வாடகை இல்லாம இருப்பாங்க. காலி பண்ணும்போது அதே நாலு லட்சத்தத் திருப்பிக் குடுத்தா போதும். வட்டியே கெடயாது. இதவிட நிலையான கடன் எந்த பேங்க்ல கெடைக்கும்?"

அவளைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள பார்ட்டிக்கு எங்க போறது?"

"நான் பாத்துத் தரன். வீராசாமிய தெம்பா இருக்கச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை காலையில் கலியபெருமாள் கடையில் போய் உட்கார்ந்தேன். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்தரை மணிக்குக் கலைச்செல்வி வந்தாள். கையில் தையல் பை.

"பார்ட்டி எங்க?" என்றேன்.

"நான்தான் பார்ட்டி. ஓனர் வீராசாமி வரலியா?"

கலியபெருமாள் என்னைப் பார்த்தார். "ஓனர் இதோ சார்தானம்மா."

"அப்பிடியா?" என்றாள் கலைச்செல்வி. பையிலிருந்து நாலு லட்சத்தை எடுத்து வைத்தாள். ஏலச்சீட்டுப் பணம், ஆரிப் பணம், எனக்குத் தெரியாத பணம். அடுத்து போக்கியப் பத்திரத்தை எடுத்தாள். டைப் அடித்துத் தயாராக இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் இனிஷியலோடு என் பெயர். பின்பக்கம் திருப்பினேன். முத்திரைத்தாள் வாங்கிய தேதி போட்டிருந்தது. நான் அட்வான்ஸ் கொடுத்ததற்கு மறுநாள்.

"கலை, உனக்கு..."

"அரிகிருஷ்ணன் சம்சாரத்துக்குப் போன மாசந்தான் நாலு பிளவுஸ் தெச்சேன். நஜ்மா சுடிதாரும் நம்ம கிட்டதான். மூணாவது பத்தியப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

மூன்றாவது பத்தியில் மோட்டார், குழாய், வெள்ளையடிப்பு எல்லாம் உரிமையாளர் செலவு என்று இருந்தது. மறுத்தால் ஒரு லட்சம் போய்விடும். போட்டேன்.

"கடன மாறுற வட்டிலயே எடுங்க" என்றாள். "பவுனம்மாவுக்கு போன் பண்ணி சொல்லிட்டேன். வீராசாமிக்கு இன்னிக்கி கோழிக்கொழம்பு."

எனக்கு அழுகை வரப் பார்த்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் இருபத்து மூன்று வருஷத்தில் சேர்த்த காசை நம்பி வைத்த இடம் என் பெயரில் இருக்கிற வீடு. அதை நினைத்தால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இப்போது சக்கராபுரம் வீட்டில் ஆறு மெஷின் ஓடுகிறது. அவலூர்பேட்டையிலிருந்தெல்லாம் கல்யாணப் பெண்கள் பஸ் ஏறி வருகிறார்கள். அவர்கள் திரும்பிப் போகிற பஸ்ஸை நேரத்துக்கு அனுப்புவதும் நான்தான். போன ஒன்றாம் தேதி அங்கே போனேன். யாரும் எழுந்து நிற்கவில்லை. கைவேலையாக இருந்தார்கள். குழாய் ஒழுகுகிறது என்று ஒரு பெண் சொன்னாள். சரிசெய்துவிட்டு வந்து கலைச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எல்லாம் போக மாசம் எவ்ளோ நிக்குது கலை?"

"முப்பதாயிரம் நிக்கும்."

"தவணை கட்டிட்டா என் சம்பளத்துல டீ குடிக்கக்கூட யோசிக்க வேண்டியிருக்குது. அந்த முப்பதுல பாதிய இந்தப் பக்கம் தள்ளக் கூடாதா?"

"தாராளமா எடுத்துக்கங்க. கடனா எழுதிக்கறன்." ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். "நிலையான வட்டியா, மாறுறதான்னு மட்டும் நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க. இதுல நான் தலையிட மாட்டேன்."

இரண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன்.