பேயண்ணைக்கும் டொக்டருக்கும் பேச்சில்லை

மொன்றியலில் பேய்க்குப் பயப்படாதவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். பேயண்ணையின் குரலுக்குப் பயப்படாத ஆள் அந்த ஊரில் ஒருவர்கூடக் கிடையாது. போனில் கிரெடிட் கார்டு விற்கக் கூப்பிட்ட பெண்கள் அழுதிருக்கிறார்கள். ஹாலோவீனுக்கு மிட்டாய் கேட்டு வந்த பிள்ளைகள், தெரு முழுக்கச் சேர்த்த மிட்டாயையும் அவர் வாசலில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். நான் அவர் வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தவன். குடிவந்த முதல் சனிக்கிழமையே காலி பண்ணுவது என்று முடிவெடுத்தவன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு. சென்னையிலிருந்து போன எனக்குக் கட்டுப்படியான அறை பியர்பொன்ட்ஸில்தான் கிடைத்தது. பஸ்ஸில் ஏறினால் ஒரு பாடம் படித்து முடித்துத் தூங்கியும் எழுந்துவிடலாம், அவ்வளவு தூரம். அந்த முதல் சனிக்கிழமை மாலை, ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

"வா... கிட்ட வா... உன்ர கழுத்தைக் காட்டு."

தொடர்ந்து, "ஐயோ, என்னை விடுங்கோ!" என்று ஒரு பெண். பெண் என்றால், தடித்த ஆண் தொண்டையிலிருந்து வந்த பெண்.

கையில் கரண்டியோடு மாடிப்படியில் பாய்ந்தேன். மேலே ஹாலில், விமான நிலையத்து மஞ்சள் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல், தொந்தியும் தொப்பையுமாக ஒரு மனிதர் டிவிக்குப் பக்கத்தில் நின்று கைகளை விரித்து உறுமிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ரீற்றா அக்கா சோபாவில் உட்கார்ந்து பயத்தங்காயை ஒடித்துக்கொண்டிருந்தார்.

"பயப்பிடாதையும் தம்பி. உது அவற்ற படம்," என்றார் அக்கா. "தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

பேயண்ணைக்கு உலகத்தில் ஒரே ஒரு படம்தான் உண்டு. அதனால் அதற்குப் பெயர் தேவைப்படவில்லை, 'படம்' என்றால் அதுதான். பழைய இங்கிலீஷ் நாவல் ஒன்றை வைத்து, சினிமா பேசத் தொடங்குவதற்கு முன்னால் எடுத்த கறுப்பு வெள்ளை ஊமைப்படம். மலைமேல் ஒரு கோட்டை. அதில் ஒரு பிரபு. பகலெல்லாம் சவப்பெட்டியில் கிடப்பான், இருட்டினால் எழுந்து வந்து ஆட்களின் ரத்தத்தைக் குடிப்பான். அவன் கண் ஒரு புதுப்பெண் மேல் விழுகிறது. அவளைக் காப்பாற்ற ஒரு கிழட்டு டாக்டர் வருகிறார். கடைசியில் சூரிய வெளிச்சம் பட்டுப் பிரபு காற்றில் கரைந்துபோவான்.

அண்ணைக்கு டோர்வல் விமான நிலையத்தில் சூட்கேஸ் ஏற்றுகிற வேலை. அங்கே எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனுக்கும் இவர் பேசுவது கேட்காது. வாரம் முழுக்கப் பேசாததையெல்லாம் சேர்த்து வைத்து, சனிக்கிழமை அந்த ஊமைப்படத்துக்குத் தமிழில் குரல் கொடுப்பார். பிரபுவும் அவர்தான், புதுப்பெண்ணும் அவர்தான். குதிரை, காற்று, துருப்பிடித்த கதவின் கீல் எல்லாமே அவர்தான்.

ஒரே ஒருவருக்கு மட்டும் குரல் கொடுக்கமாட்டார். திரையில் டாக்டர் வந்ததும் பேயண்ணையின் வாய் பூட்டிக்கொள்ளும். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். டாக்டர் பாவம், கையை ஆட்டி, கண்ணை உருட்டி, என்னென்னவோ சொல்லிவிட்டுப் போவார். அவர் போனபிறகுதான் வீட்டில் மறுபடி சத்தம் வரும்.

"டாக்டர் மட்டும் ஏண்ணா பேச மாட்டேங்கறார்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

ரீற்றா அக்காவின் கையில் பயத்தங்காய் அப்படியே நின்றது. அண்ணை என்னைப் பார்க்காமலே சொன்னார். "அந்த மனிசனோடை எனக்குக் கதை இல்லை."

பிறகு அக்கா சமையலறையில் வைத்து விளக்கினார். டொக்டர் என்று நிஜமாகவே ஒருவர் இருக்கிறார். வைத்தியம் பார்ப்பவர் அல்ல, டவுன்டவுனில் ஒரு ரெஸ்டாரன்ட் கிச்சனில் சமையல். மன்னாரில் ஒரே கோயில், ஒரே பள்ளிக்கூடம், இங்கேயும் பக்கத்துத் தெரு. படத்துக்கு இருவரும் சேர்ந்துதான் குரல் கொடுப்பார்கள், பிரபு இவர், டாக்டர் அவர். அதனால்தான் அந்தப் பட்டப்பெயரே வந்தது. அப்புறம் ஒரு தையில், கடும் பனிப்புயலில், பேயண்ணையின் அம்மா இறந்துபோனார். பெட்டி வைத்திருந்த சடங்கு மண்டபத்துக்கு, அதாவது செத்த வீட்டுக்கு, டொக்டர் வரவில்லை.

"கலியாணத்துக்கு வராட்டிப் பரவாயில்லைத் தம்பி," என்றார் அக்கா. "செத்த வீட்டுக்கு வராட்டி எங்கடை ஆக்கள் மன்னிக்கமாட்டினம். இவர் ஏன் வரேல்லை எண்டு கேக்கேல்லை. அவர் ஏனெண்டு சொல்லேல்லை. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால் அவ்வளவு லேசில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு ரீற்றா அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போவார். பேயண்ணையும் டொக்டரும் ஒரே பெஞ்சில், இந்த ஓரம் ஒருவர், அந்த ஓரம் ஒருவர். நடுவில் நான். சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தால் கோயில் முழுக்க ஒருவருக்கொருவர் கைகூப்புவார்கள். பேயண்ணை தூணைப் பார்த்துக் கும்பிடுவார். டொக்டர் மின்விசிறியைப் பார்த்துக் கும்பிடுவார். தூணுக்கும் மின்விசிறிக்கும் அந்த அளவு சமாதானம் வேறெந்த ஊரிலும் கிடைத்திருக்காது.

"தம்பி, அந்த மனிசனுக்குச் சொல்லும், அவற்ற கார் லைற் எரியுதெண்டு," என்பார் பேயண்ணை.

"தம்பி, கண்டிட்டன் எண்டு சொல்லும்," என்பார் டொக்டர்.

இரண்டு பேருக்கும் நடுவில் என்னைத் தவிர வேறு மறைப்பு கிடையாது. எனக்கு ஆத்திரமாக வரும். ஐம்பது வயது தாண்டிய இரண்டு தடியர்கள், ஒருவனுக்கு ஒருவன் உயிர், வாயைத் திறந்தால் என்னவாம்?

அந்தக் கார்த்திகையில்தான் செய்தி வந்தது. டொக்டர் வீட்டை விற்றுவிட்டாராம். டொராண்டோவில் மகளோடு இருக்கப் போகிறாராம். வருகிற ஞாயிறு காலை பயணம். முந்திய நாள் மாலை கோயில் மண்டபத்தில் இளைஞர் மன்றம் நடத்தும் நிகழ்ச்சிக்கு, பழையபடி இருவரும் சேர்ந்து படத்துக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்று பங்குத்தந்தையான சுவாமியார் ஆளனுப்பினார்.

"அவர் வந்தால் நான் வரமாட்டன்," என்றார் பேயண்ணை. டொக்டரும் அதையேதான் சொன்னதாகத் தகவல். இதில் மட்டும் நல்ல ஒற்றுமை.

ரீற்றா அக்கா கத்தவில்லை. சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார். "ஞாயித்துக்கிழமை அவர் போயிடுவார். பேந்து ஆரோடை கோவிக்கப் போறியள்?"

பேயண்ணை பிசைந்த சோற்றை வாயில் வைக்கவே இல்லை. நான் அவரை அப்படிப் பார்த்தது அன்றுதான். அவ்வளவு பெரிய உடம்பு, சட்டென்று ஒரு கை குறைந்ததுபோல உட்கார்ந்திருந்தது.

சம்மதித்தார், நிபந்தனைகளோடு. மைக் இரண்டு வேண்டும். மேடையில் ஆளுக்கொரு மூலை. ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, பேசுவதெல்லாம் திரையோடு மட்டும். டிவிடியை ஓட்ட நான்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. விளக்கை அணைத்ததும் கோட்டை வந்தது, காற்று வந்தது, பேயண்ணையின் தொண்டையிலிருந்து அந்தக் கதவு திறந்தது. முன்வரிசையில் பிரெஞ்சில் வம்பளந்துகொண்டிருந்த பிள்ளைகள் கப்சிப். எல்லாரும் படத்துக்குப் பயந்துகொண்டிருந்தார்கள். எனக்கும் ரீற்றா அக்காவுக்கும் பயம் வேறு. டாக்டர் வருகிற இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறையும் டாக்டர் ஊமையாகவே போய்விட்டால், காலையில் டொக்டர் வண்டி ஏறிவிடுவார், கதை அதோடு முடிந்தது.

டாக்டர் திரையில் வந்தார். வாய் அசைந்தது. சத்தம் இல்லை. அப்புறம் மேடையின் அந்த மூலையிலிருந்து, கரகரவென்று, பல வருடம் திறக்காத ஒரு குரல் வந்தது. "பிரபுவே, வணக்கம்." மண்டபமே மூச்சை விட்டது.

"என்ர வீட்டுக்கு உம்மை ஆர் கூப்பிட்டது?" என்றார் பேயண்ணை. பழைய நாட்களின் வழக்கமான வசனம் என்று ரீற்றா அக்கா என் காதில் சொன்னார்.

"கூப்பிடாமல்தான் வந்தனான்." இதுவும் வழக்கமானதுதான்.

இந்த இடத்தில் பிரபு சிரிக்க வேண்டும். பேயண்ணை சிரிக்கவில்லை. பதிலுக்கு, "வரவேண்டிய நாளிலை வந்தனியோ?" என்று கேட்டார்.

பெரியவர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அது படத்து வசனம் இல்லை என்று அங்கே பிள்ளைகளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். சுவாமியார் இருட்டில் என்னைத் திரும்பிப் பார்த்தார். நிறுத்தவா என்று கையைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"வந்தனான்," என்றார் டொக்டர்.

"பொய்."

"வந்தனான் எண்டு சொல்லுறன்!"

இதற்குள் திரையில் காட்சி மாறிவிட்டது. புதுப்பெண் தனியாகக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிற பெண் இரண்டு ஆண் குரலில் தன்னோடு தானே சண்டை போடுவதைப் பார்த்து முன்வரிசைக் குழந்தை ஒன்று வீறிட்டது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். யாரும் சிரிக்கவில்லை. ரீற்றா அக்கா செபமாலையைக் கையில் எடுத்துவிட்டார்.

டாக்டர் லாந்தரோடு நிலவறைக்குள் இறங்கினார். அங்கே சவப்பெட்டி. மூடியின் மேல் கையை வைத்தார்.

"அண்டைக்கும் பெட்டி மூடித்தான் இருந்தது," என்றார் டொக்டர். "கார் பனியிலை இறுகிப் போச்சு. நடந்துதான் வந்தனான். ஒரு வாசல்லை மெழுகுதிரி எரிஞ்சது, உள்ளுக்கை போனன். எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை. புயலிலை மாட்டுப்பட்டிட்டினம் எண்டு நினைச்சன். எல்லாம் வெள்ளைக்காரர். டோர்வலிலை உன்னோடை வேலை செய்யிற ஆக்களாக்கும் எண்டு நினைச்சன். முழங்காலிலை இருந்து முழுச் செபமாலையும் சொன்னன். அம்மா அம்மா எண்டு அழுதன். ஒரு கிழவன் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவன்."

"பேந்து?" பிறகு என்ன என்று கேட்டது பிரபுவின் குரல் இல்லை. சூட்கேஸ் ஏற்றுகிறவரின் சொந்தக் குரல்.

"பேந்து, செத்த ஆளின்ரை படத்தைக் கொண்டந்து பெட்டிக்கு மேலை வைச்சாங்கள்."

"ஓம்?"

"மீசை."

திரையில் பெட்டி திறந்தது. உள்ளே பிரபு கண்ணை அகல விழித்துக்கொண்டு கிடந்தான். அவன் முழித்த முழியைத்தான் மண்டபத்தில் எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா கிடந்தது ரெண்டு கட்டிடம் தள்ளி," என்றார் டொக்டர். "ஓடி வந்தனான். நீங்கள் எல்லாரும் சவக்காலைக்குப் போயிட்டியள்."

"ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ சிரிப்பாய். அம்மாவைத் தாட்டுப்போட்டு வந்து நிக்கிற உன்னை எப்பிடியடா சிரிக்க வைக்கிறது? பேந்து பேந்து எண்டு விட்டன். பேந்து நீ முகத்தைத் திருப்பிப் போட்டாய்."

மேடையின் இந்த மூலையில் ஏதோ சத்தம். அழுகை என்றுதான் நினைத்தேன். அது மெல்லப் பெருத்து, உருண்டு, பேயண்ணையின் அந்தப் பயங்கரச் சிரிப்பாக வெடித்தது. பிரபு சிரிக்க மறந்த சிரிப்பு, இத்தனை வருட வட்டியோடு. பிள்ளைகள் பாதிப்பேர் அலறிக்கொண்டு தாய்மாரின் மடியில் ஏறினார்கள். "மீசை!" என்பார், சிரிப்பார், கண்ணைத் துடைப்பார், மறுபடி "அம்மாக்கு மீசை!" டொக்டரும் சிரித்தார். அப்புறம் மண்டபம் சிரித்தது பாருங்கள், கூரையிலிருந்த பனி சரிந்திருக்கும்.

படம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. விடியற்காலைக் காட்சி வந்துவிட்டது. ஜன்னலில் வெளிச்சம். இங்கே பிரபு அலறிக்கொண்டு கரைய வேண்டும். அந்த அலறலுக்காகவே வந்தவர்கள் இருந்தார்கள். பேயண்ணை மைக்கை வாயருகே கொண்டுபோய், மிக மெல்லச் சொன்னார்.

"அப்ப, நான் போட்டு வாறன்."

"நீ எங்கை போறாய்? போறது நானெல்லோ," என்றார் டொக்டர்.

"அப்ப நீ சொல்லு."

அவர்கள் ஊரில் விடைபெறும்போது போறன் என்று யாரும் சொல்வதில்லை, 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன் என்பதுதான். செத்த வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவது வழக்கம். இருவரும் இத்தனை வருடமாக, சந்தித்த இடத்திலெல்லாம், ஒன்றும் சொல்லாமல்தான் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"போட்டு வாறன்டா," என்றார் டொக்டர்.

"ஓம். போட்டு வா."

திரையில் பிரபு புகையாகி மறைந்தான். பார்க்கத்தான் ஆளில்லை. எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் இரண்டு தொந்திகள் ஒன்றையொன்று கட்டிப்பிடிக்க இடம் போதாமல் திண்டாடிக்கொண்டிருந்தன.

மறுநாள் டொக்டர் டொராண்டோ போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை வீடு அமைதியாக இருக்கும், எனக்கும் திங்கட்கிழமை பரீட்சை, நிம்மதியாகப் படிக்கலாம் என்று புத்தகத்தை விரித்தேன். தலைக்கு மேலே டிவியைப் போடும் சத்தம். தொடர்ந்து டெலிபோன் மணி.

"போட்டிட்டியோ? நான் கோட்டை வாசல்லை நிக்கிறன். நீ எங்கை நிக்கிறாய்? என்ன, பெட்டி திறந்திட்டியோ? ஏன்டா அவசரம்! பின்னுக்கு வா!"

ஸ்பீக்கரில் டொராண்டோவிலிருந்து டொக்டர் பதிலுக்குக் கத்தினார். இரண்டு டிவியும் கடைசிவரை சேர்ந்து ஓடவில்லை. பிரபு செத்த பிறகும் டாக்டர் அவனைத் தேடிக்கொண்டிருந்தார். என் அறையின் கூரை அதிர்ந்தது, மேஜையில் பேனா உருண்டது. ரீற்றா அக்கா படியில் எட்டிப் பார்த்து, "தம்பி, சத்தத்தைக் குறைக்கச் சொல்லட்டோ?" என்று கேட்டார்.

"வேண்டாங்க்கா, கதவைக் கொஞ்சம் திறந்து வைங்க," என்றேன்.