க்ளட்ச் வராத காலை

க்ளட்ச் வரவில்லை.

டெஸ்மண்ட் ஆப்பிள் மரத்தடியில் கையை நீட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. உள்ளங்கையில் காய்ந்த மாவுப்புழு நான்கு. மே மாதத்துப் பனிமூட்டம் வேலிக்கு அப்பால் வயல்களைப் பாதி அழித்துவிட்டு, மீதியை அழிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மரத்திலிருந்து ஒரு வெள்ளைப் பூவிதழ் சுழன்று இறங்கி அவருடைய மூக்கில் ஒட்டியது. அவர் அசையவில்லை.

க்ளட்ச் என்பது ஒரு ராபின் குருவி. நான்கடி தள்ளி, மண்ணில் குத்தி நிறுத்தியிருந்த மண்வெட்டியின் கைப்பிடியில் அது உட்கார்ந்திருந்தது. செம்மஞ்சள் நெஞ்சை நிமிர்த்தி, தலையைச் சாய்த்து, முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தது.

"நான்தாண்டா" என்றார் டெஸ்மண்ட்.

க்ளட்ச் பறந்து போய்விட்டது.

முப்பத்து நான்கு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் டெஸ்மண்ட். அந்த வட்டாரத்தில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். தெருவில் அவரைக் கண்டால் இன்றைக்கும் பலர் சட்டென்று முதுகை நிமிர்த்தி, இல்லாத கண்ணாடியில் பின்னால் பார்ப்பார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் 'வாங்களேன், ஒரு டீ குடிக்கலாம்' என்று யாரும் கூப்பிட்டது கிடையாது.

மார்ச்சில் ஓய்வு பெற்றார். முதல் நாள் காலை என்ன செய்வதென்று தெரியாமல் தோட்டத்தில் போய் நின்றார். மூன்றாம் நாள் ராபின் வந்து அவர் உள்ளங்கையில் உட்கார்ந்தது. அஞ்சல் தலை ஒட்டாத ஒரு கடிதத்தின் எடை. விரல் நுனியில் நகம் படும் கிச்சுகிச்சு. அன்று முழுக்க அவர் கையைக் கழுவவே இல்லை. க்ளட்ச் என்று பெயர் வைத்தார். க்ளட்ச்சிலிருந்து காலை எடுப்பதுபோல் மெல்ல மெல்லத்தான் கையை நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி உதறி நின்றுவிடும் என்பது அவர் கட்சி.

"சில பேர் மாசக்கணக்கா நிப்பாங்களாம். எனக்கு மூணே நாள்!" என்று அவர் மதுக்கடையில் சொல்லாத வாரம் இல்லை.

இப்போது அந்தக் க்ளட்ச்தான் அவரை யாரென்று கேட்டுவிட்டுப் போகிறது.

"தீனி பிடிக்கலையோ என்னவோ" என்றார் சமையலறைக்குள் வந்து.

அவர் மனைவி கிளெனிஸ் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "நேத்துவரைக்கும் இதத்தானே தின்னுச்சு?"

"நேத்து நான் வெளிய நிக்கலையே, மழை. அலுத்துப் போயிருக்கும். உயிரோட இருக்கற புழு வாங்கினா ஓடி வரும்."

ஊர்க்கோடிக் கடையில் உயிருள்ள புழு கிடைத்தது. குளிரில் வைத்தால்தான் தூங்கும், இல்லாவிட்டால் வண்டாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னார். டெஸ்மண்ட் அவற்றைக் காலி வெண்ணெய் டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்தார். டப்பாவின்மேல் எழுதி ஒட்ட வேண்டும் என்று நினைத்தார். பேனா தேடப் போன இடத்தில் ஜன்னல் வழியே க்ளட்ச் தெரிந்தது. பேனா மறந்துபோயிற்று.

அன்று மாலை எதிர்வீட்டு மிஸஸ் பெல்லமி டீக்கு வந்தார். சனிக்கிழமை நடக்கவிருந்த சோளக்கொல்லைப் பொம்மைப் போட்டியைப் பற்றிப் பேசத்தான் வந்தார். ஆறு வருடமாக அவருக்கு இரண்டாம் பரிசு. அந்தத் துக்கத்தோடு ரொட்டியைப் பிளந்து, கிளெனிஸ் மேஜைமேல் எடுத்து வைத்திருந்த டப்பாவைத் திறந்து, பார்க்காமலே கத்தியை உள்ளே விட்டார்.

அந்த அலறலில் க்ளட்ச் மட்டுமல்ல, தேவாலயக் கோபுரத்துக் காக்கைகளும் கிளம்பின.

"கடிக்காதுங்க!" என்றார் டெஸ்மண்ட் ஆறுதலாக. "ரொம்பச் சத்து!"

மிஸஸ் பெல்லமி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "உங்க வீட்டுல இனிமே தண்ணிகூடக் குடிக்க மாட்டேன், டெஸ்மண்ட்."

மறுநாள் உயிருள்ள புழுவையும் க்ளட்ச் சீண்டவில்லை. டெஸ்மண்டின் கையில் அவை நெளிந்தன, பிறகு சட்டைக் கைக்குள் ஏறின. அதோடும் அவர் அரைமணி நேரம் நின்றார்.

கிளெனிஸ் கதவருகே வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன புதுசா?"

"ஃபிலிப்பா அனுப்பின ஜாக்கெட். பறவை பாக்கறவங்க போடறது. பதினோரு பாக்கெட்." அவர் பிறந்தநாளுக்கு மகள் அனுப்பியிருந்தாள், நேற்றிலிருந்துதான் போடுகிறார்.

"கதவுப்பக்கம் தொங்குமே, உன்னோட பழைய பழுப்புக் கோட்டு? அது எங்கே?"

"அதுவா? தொண்டுக்கடைக்குப் போற மூட்டையில போட்டுட்டேன். ஒரே கிழிசல்."

கிளெனிஸ் ஈரக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தக் கோட்டையா? குடுத்தே விட்டியா?"

"நீதானே பத்து வருஷமா 'தூக்கிப் போடு, தூக்கிப் போடு'ன்னே?"

"அது போன வருஷம்!" அவள் சட்டென்று குரலைத் தணித்தாள். "குருவிக்கு மொகம் எல்லாம் தெரியாது, டெஸ்மண்ட். துணிதான் தெரியும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ரேடியோல சொன்னாங்க."

டெஸ்மண்ட் பதினோரு பாக்கெட்டையும் கழற்றி எறிந்துவிட்டு, தானமாக வந்த பழைய துணிகளை விற்கும் தொண்டுக்கடைக்கு ஓடினார். கோட்டு விற்றுப்போயிருந்தது. யாருக்கு என்று கேட்டார். கல்லாவில் இருந்த அம்மாள் அவரிடம் படித்தவள்தான், அவரைக் கண்டதும் பழக்க தோஷத்தில் இடது வலது பார்த்துவிட்டுச் சொன்னாள். "மிஸஸ் பெல்லமிக்கு, மாஸ்டர். பொம்மைக்குப் போடணும்னாங்க. இவ்வளவு கேவலமான கோட்டை அவங்க பாத்ததே இல்லியாம்."

மிஸஸ் பெல்லமி கதவை அரைச்சாண்தான் திறந்தார்.

"முடியாது. போட்டி முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."

"பதிலுக்கு என் புது ஜாக்கெட்டைத் தரேன். பதினோரு பாக்கெட்டு!"

"அதுல எத்தனை பாக்கெட்ல புழு இருக்கு?"

கதவு சாத்தப்பட்டது. டெஸ்மண்ட் திரும்பினார், நின்றார்.

புல்தரையின் நடுவே வைக்கோல் மனிதன் கைகளை விரித்து நின்றான். அவன்மேல் பழுப்புக் கோட்டு, தலையில் ஒரு தொப்பி. மாலை வெயில் அதன் கிழிசல்களின் வழியாகத் தங்கம் தங்கமாக ஒழுகிக்கொண்டிருந்தது. வைக்கோல் கையின் நுனியில் க்ளட்ச். தொண்டை புடைக்க அது பாடியது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விழுவதுபோன்ற அந்தப் பாட்டு தெருவைத் தாண்டி, வேலியைத் தாண்டி, எங்கோ மெல்லக் கரைந்தது.

டெஸ்மண்ட் தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டார். மண்டைக்குள் வைக்கோலைத் தவிர ஒன்றுமில்லாத ஒருவனிடம் போய் இப்படி ஒரு தோல்வி.

சனிக்கிழமை காலை மிஸஸ் பெல்லமி கேக் மேஜை போட ஊர் மண்டபத்துக்குப் போவதை டெஸ்மண்ட் ஜன்னலிலிருந்து பார்த்தார். நடுவர்கள் பத்து மணிக்குத்தான் வருவார்கள். இப்போது ஒன்பது. ஒரு பத்து நிமிடம் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்?

வைக்கோல் மனிதனைக் கழற்றுவது அவர் நினைத்ததுபோல் சுலபமாக இல்லை. கோட்டோடு கையும் வந்தது. கையோடு தலையும் வந்தது. கோட்டையும் தொப்பியையும் தான் போட்டுக்கொண்டு, மீதியை மறுபடி நிறுத்தப் பார்த்தபோது அது வெறும் வைக்கோல் குவியலாக மாறிவிட்டது. அதே நேரம் வாசல் கேட் கிரீச்சிட்டது.

"கொஞ்சம் சீக்கிரமாவே வந்துட்டோமோ?" என்றது பாதிரியாரின் குரல்.

டெஸ்மண்ட் வைக்கோலைக் காலால் புதருக்குள் தள்ளினார். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டார். கைகளை விரித்தார்.

பாதிரியாரும் மதுக்கடைக்காரரும் அவரைச் சுற்றி வந்தார்கள்.

"கால் ரொம்ப நிஜமா இருக்கே" என்றார் கடைக்காரர்.

"தொப்பையைப் பாருங்க. எவ்வளவு பொறுமையா அடைச்சிருக்காங்க!"

"ஆனா மொகத்துலதான் கோட்டை விட்டுட்டாங்க. மனுச மொகம் இப்படியா இருக்கும்?"

அப்போது க்ளட்ச் வந்தது.

செர்ரி மரத்திலிருந்து ஒரே தாவலில் வந்து, விரித்த வலது உள்ளங்கையில் இறங்கியது. அதே எடை. அதே கிச்சுகிச்சு. டெஸ்மண்ட் மூச்சை விட மறந்தார். பாதிரியார் கரைந்துபோனார், கடைக்காரர் கரைந்துபோனார், காலில் ஏறிய எறும்பும் கரைந்துபோயிற்று. செர்ரிப் பூக்கள் தொப்பியில் விழும் மெல்லிய தட்டல் மட்டும் கேட்டது. க்ளட்ச் ஒரு கண்ணால் தொப்பியின் அடியில் எட்டிப் பார்த்தது. பிறகு பாட ஆரம்பித்தது. இப்படியே வேர் பிடித்து நின்றுவிட்டாலும் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

"குருவியே நம்பிடுச்சு, பாருங்க" என்று கிசுகிசுத்தார் பாதிரியார். "முதல் பரிசுதான்."

கோட்டில் ஒரு நீல ரிப்பனைக் குத்தினார். ஊசி டெஸ்மண்டின் தோளிலும் கொஞ்சம் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

அவர்கள் போன கையோடு மிஸஸ் பெல்லமி வந்து சேர்ந்தார். ரிப்பனைப் பார்த்து "கடவுளே!" என்று கைகூப்பினார். பிறகுதான் பொம்மைக்கு வியர்ப்பதைக் கவனித்தார். க்ளட்ச் மரத்துக்குத் தாவியது.

"டெஸ்மண்ட்?"

"என்னை மன்னிச்சிடுங்க, மிஸஸ் பெல்லமி. வேணும்னு செய்யல."

மிஸஸ் பெல்லமி அவரைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார், புதரைப் பார்த்தார். ஆறு வருடம் அவர் கண்முன் வந்து போனது.

"கோட்டை நீங்களே வச்சுக்கோங்க" என்றார் மெதுவாக, ரிப்பனை மட்டும் கழற்றிக்கொண்டு. "யாரும் எதையும் பாக்கல. வேணும்னா உள்ள வாங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்."

டெஸ்மண்ட் டீயைக் குடித்துவிட்டு, கோட்டையும் தொப்பியையும் கழற்றாமலே தெருவைக் கடந்து தன் தோட்டத்துக்கு வந்தார். ஆப்பிள் மரத்தடியில் நின்று கையை நீட்டினார். வேலியில் ஒரு சிறகடிப்பு. க்ளட்ச் அவருக்கு முன்பே வந்து காத்திருந்ததுபோல் உள்ளங்கையில் இறங்கியது.

தபால் கொண்டுவரும் டோனா வேலியோரம் நின்று குரல் கொடுத்தாள். "குட்மார்னிங், கிளெனிஸ் அக்கா!"

டெஸ்மண்ட் தொப்பியை மெல்லத் தூக்கினார். "நான்தாம்மா. கிளெனிஸ் உள்ள இருக்கா."

"அய்யோ, மாஸ்டரா!" டோனா பழக்கத்தில் விறைத்து நின்றாள். "கோட்டைப் பாத்து ஏமாந்துட்டேன். குளிர்காலம் பூரா, நீங்க காரை எடுத்துட்டுப் போனதும் அக்காதானே இதை மாட்டிக்கிட்டு, பனியில பல்லு கிடுகிடுங்கக் கையை நீட்டிட்டு நிப்பாங்க? 'மனுசன் மார்ச்ல ரிட்டயர் ஆகறாரு, அதுக்குள்ள அவருக்கு ஒரு சிநேகிதனையாவது பழக்கி வைக்கணும் டோனா'ன்னு!"