மூத்த மகள், இடது கண்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுண்டெலி, கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் உட்கார்ந்து, டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தையும் எழுது. கடிதம் என்றால் முதலில் இதைத்தான் எழுத வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார், எழுதிவிட்டேன். இனிமேல் எழுதுவது உண்மை. நான் வசமாக மாட்டிக்கொண்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நீ எப்படியாவது வீட்டுக்கு வர வேண்டும். போனில் சொல்லலாம் என்றால், இங்கே தும்மினால்கூட மூன்றாம் மாடி அத்தை படியேறி வந்து "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்கிறார். உன் விலாசத்தை அம்மாவின் தையல் டப்பாவில், ஊசிகளுக்கு அடியில் கண்டுபிடித்தேன். இரண்டு இடத்தில் குத்திவிட்டது. பரவாயில்லை.

நீ போன அடுத்த மாதம் நம் கட்டட வாசலில் கண் மெஷின் வைத்தார்கள். அப்பாதானே சங்கச் செயலாளர். சாவி என்றால் தொலைக்கிறீர்கள், ரகசிய எண் என்றால் சுவரில் எழுதி வைக்கிறீர்கள், கண்ணை யாரும் பஸ்ஸில் விட்டுவிட்டு வர முடியாது என்று கூட்டத்தில் பேசி அவர்தான் வாங்க வைத்தார். போகும்போதும் வரும்போதும் கண்ணை அருகில் கொண்டுபோனால், உள்ளே இருக்கிற ரேகையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்து, உரக்கச் சொல்லிக் கதவைத் திறக்கும். மின்சாரம் போனால் திறக்க ஒரே ஒரு பழைய சாவி, அது அப்பாவிடம். முப்பது நாள் கண்ணைக் காட்டாதவர் பெயர் தானாகவே அழிந்துபோகும் என்பதும் அப்பா எழுதிய விதிதான். நாளெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்துகிறவருக்கு விதி எழுத வாய்ப்புக் கிடைத்தால் சும்மா விடுவாரா? நீ எழுதி வைத்துவிட்டுப் போன சீட்டையே விடவில்லை, தெரியுமா? சிவப்புப் பேனாவை எடுத்து ஆறு பிழை திருத்தினார், ஏழாவதற்கு எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். ரொம்ப நேரம் கழித்துத்தான் இறங்கி வந்தார்.

கண்ணைப் பதிகிற அன்று மாடிப்படிக்குக் கீழே மேஜை போட்டார்கள். அம்மா அன்று காலைதான் கண் டாக்டரிடம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வந்திருந்தாள், கண் ஆந்தை மாதிரி விரிந்திருந்ததால் மெஷின் அவளை ஏற்கவில்லை, "எனக்கே என் கண் தெரியல, அதுக்கு எப்படித் தெரியும்?" என்று அம்மா கேட்க, அப்பா அறிவிப்புப் பலகையில் ஒரு எழுத்துப் பிழைக்காக யாரோடோ வாதாடிக்கொண்டிருக்க, மெஷின்காரர் என் வலது கண்ணைப் பதிந்துவிட்டு, "நேரமில்ல, இப்போதைக்கு ஆளுக்கு ஒரு கண் போதும்" என்று சொல்லி, காகிதத்தைப் பார்த்தார். "வீடு பதினேழுல நாலு பேருன்னு போட்டிருக்கே. மூத்த பொண்ணு எங்க?" அம்மா தரையைப் பார்த்தாள். அக்கா, அவள் அப்படிப் பார்த்ததை என்னால் தாங்க முடியவில்லை. "மேல இருக்கா, வரச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். உன் பச்சை ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டேன், பின்னலை அவிழ்த்துவிட்டேன், திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். ஸ்வெட்டர் என் முழங்கால்வரை தொங்குவதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கண்ணை வைத்தேன். "இந்தக் கண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்றது மெஷின். மெஷின்காரர் அதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "வெளிச்சம் பட்டிருக்கும், இன்னொரு கண்ண வைம்மா" என்றார். வைத்தேன். ஒருத்திக்கே இரண்டு கண்ணும் வேறு வேறு ரேகையாம், ஏற்றுக்கொண்டது. "என் முகம் உங்களுக்கு..." என்று உளறினேன். "நான் முகத்தப் பாக்கறதே இல்லம்மா. கண்ணு மட்டுந்தான்" என்றார்.

அன்றிலிருந்து காலையில் என் கண், மாலையில் உன் கண். பள்ளிவிட்டு வந்து புத்தகப் பையின்மேல் ஏறி நின்று இடது கண்ணை வைப்பேன். "வீடு பதினேழு. மூத்த மகள். உள்ளே வாருங்கள்" என்று சொல்லும். கதவு பத்து நொடிதான் திறந்திருக்கும். நான் உடனே நுழைய மாட்டேன், உனக்கு முதலில் வழிவிட்டுவிட்டு அப்புறம் நுழைவேன். இரண்டு முறை பை கதவில் மாட்டிக்கொண்டது. மெஷின் சொல்கிறபடி பார்த்தால் நான் தினமும் காலையில் வெளியே போய்த் திரும்பி வருவதே இல்லை, நீ தினமும் மாலையில் உள்ளே வந்து வெளியே போவதே இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட அக்காக்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஒருத்தியையும் காணவில்லை.

இது போதாதென்று மூன்றாம் மாடி அத்தை ஒருநாள் மெஷின் சொன்னதைக் கேட்டுவிட்டார். நேரே அம்மாவிடம் வந்து, "பெரியவ வந்துட்டாளாமே, சொல்லவே இல்லையே! வெளியவே தலை காட்ட மாட்டேங்கறாளே, என்ன பண்றா?" என்றார். வரவில்லை என்று அம்மா சொல்லியிருக்கலாம். "தூங்கறா" என்றாள். மறுநாள் அத்தை உனக்காக ஒரு பாத்திரம் சூப் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று பேரும் உட்கார்ந்து குடித்தோம். அம்மா நான்காவதாக ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அப்பா யாருடைய சூப் என்று கேட்கவில்லை. "உப்பு கம்மி" என்றார்.

வினை வந்ததே வாட்ச்மேன் அண்ணனால்தான். அவர் கூண்டு தெருவைப் பார்த்து இருக்கிறது, அவருக்கு ஆள் தெரியாது, குரல்தான் கேட்கும். அப்பாவைப் பிடித்து, "சார், பெரிய பாப்பா தினம் அஞ்சு பத்துக்கு வருதுன்னு மெஷின் சொல்லுது. ஒருநாள்கூட கண்ணால பாத்ததில்ல சார். அந்த நேரம் வந்தா கூண்டுக் கதவ உள்பக்கமா பூட்டிக்கிறேன், டூட்டிய மாத்திக் குடுங்க" என்றிருக்கிறார். மறுநாளிலிருந்து, எட்டு மணிக்கு வீடு வரும் அப்பா ஐந்து மணிக்கே வந்து வாசலுக்கு உள்ளே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். தபால் தேடுகிறாராம். நம் பெட்டியைத் திறக்கிறார், மூடுகிறார், திறக்கிறார். துவைத்து மடித்த சட்டை வேறு. என்னைப் பிடிக்கத்தானே நிற்கிறார்? நான் பயந்துபோய் மாலையிலும் வலது கண்ணையே வைக்கிறேன். "இளைய மகள். உள்ளே வாருங்கள்" என்றதும் அவர் பெட்டியை மூடிவிட்டு மாடியேறிவிடுகிறார். போன வாரம் ஒருநாள் திரும்பிப் பார்க்காமலே, "உனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுதில்ல?" என்று கேட்டார். "தெரியுதுப்பா" என்றேன். "சரி" என்றார்.

இன்று புதன்கிழமை, உன் கண்ணைக் காட்டி இருபத்தேழு நாள் ஆகிறது. சனிக்கிழமையோடு முப்பது. ஞாயிற்றுக்கிழமை மெஷின்காரர் எல்லோருடைய இன்னொரு கண்ணையும் பதிய வருகிறார். நான் பேசாமல் இருந்தால் சனிக்கிழமை நீ அழிந்துபோவாய், ஞாயிற்றுக்கிழமை என் இடது கண் எனக்குக் கிடைத்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. அதற்குள் ஒரு தடவை காட்டினால் நீ இருப்பாய், ஆனால் ஞாயிற்றுக்கிழமை அப்பா முன்னாலேயே மெஷின் என்னைக் காட்டிக்கொடுக்கும். நான் தப்பிக்க வேண்டுமென்றால் உன்னை அழிக்க வேண்டும், அக்கா. மூன்று நாளாக யோசிக்கிறேன், முடியவில்லை. நீயே வந்து நின்றால் பழையதை எடுத்துவிட்டு உன் கண்களைப் பதிந்துவிடுவார், அந்தச் சந்தடியில் என் கண் சத்தமில்லாமல் என்னிடம் வந்துவிடும். படிப்பை விட்டுவிட்டு கேக் கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று, அப்பா "அப்படின்னா இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார், எனக்கும் தெரியும். ஆனால் அப்போது வாசலில் மெஷின் இல்லை. இப்போது உள்ளே வாருங்கள் என்று அதுவே சொல்கிறது.

நீ நன்றாகச் சாப்பிடு. கேக்கையே சாப்பிடாதே. அடுப்பில் கையைச் சுட்டுக்கொள்ளாதே. உன் தலையணையை நான் எடுத்துக்கொள்ளவில்லை, பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். படித்ததும் கிழித்துப் போடு, அப்பாவுக்குத் தெரியவே கூடாது.

உன் வருகைக்காக இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டிருக்கும்
சுண்டெலி

பின்குறிப்பு: தபால்தலைக்காக அப்பாவின் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். சங்கத்தின் பெயர்ப்பட்டியல் பிரதிகள் எல்லாம் மாத வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். மெஷின் வந்த மாதத்துப் பட்டியலில் கட்டடத்தில் எல்லோருக்கும் "வலது கண்" என்று இருக்கிறது. ஒருத்திக்கு மட்டும், "மூத்த மகள், இடது கண்." அந்த வரியை அப்பா சிவப்பு மையால் அடித்திருக்கிறார். அடித்த பிறகு, அதன் கீழே புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் "இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறார். ஞாபகம் இருக்கிறதா, தவறாக அடித்துவிட்ட வரியைக் காப்பாற்ற அவர் போடுகிற புள்ளிகள்? என் கட்டுரையில் ஒரே ஒரு தடவை போட்டார், நான் ஒரு வாரம் பீற்றிக்கொண்டேன். உன் வரிக்கு எல்லா மாதமும் போட்டிருக்கிறார். இந்த மாதத்துப் பிரதியில் மட்டும் புள்ளிகளுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கேள்விக்குறி.

அவர் என்னைப் பிடிக்க நிற்கவில்லை, அக்கா. மெஷின் உன்னைக் கூப்பிடுவதைக் கேட்பதற்கு நிற்கிறார்.

அதனால் மேலே எழுதிய எதற்காகவும் நீ வர வேண்டாம், எனக்கு ஓர் ஆபத்தும் இல்லை. நாளைக்கு மாலை அவருக்கு நன்றாகக் கேட்கும்படி இடது கண்ணை வைக்கப்போகிறேன். நீ சும்மா வா. எப்போது வேண்டுமானாலும் வா. ஆனால் ஒன்று, உன் சொந்தக் கண்ணை வைத்தால் மெஷின் உன்னை யாரென்று தெரியவில்லை என்று சொல்லும். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடாதே. ஐந்து மணிக்கு மேல் வா. தபால் பெட்டிப் பக்கத்தில் பழைய சாவியோடு அப்பா நிற்பார்.